சிக்கலைக் காத்தவன்

டச்பே கடற்கரை மணலில் உட்கார்ந்து இராகுலன் இறால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே பதித்திருந்த இறாலை முதலில் கழற்றி வால் வரைக்கும் உறிஞ்சித் தின்றுவிட்டு, மாவை ஆறுதலாகச் சாப்பிடுவது அவன் வழக்கம். எண்ணெய் வழிந்த விரல்களை அவன் பாராமலே பக்கவாட்டில் நீட்ட, தர்ஷனா தன் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தாள். ஆறு வருடமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்றைக்கு என்னவோ, துடைத்துத் திருப்பித் தந்த அந்தத் துணியைக் கைப்பைக்குள் வைக்க மனம் வரவில்லை. இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நதீஷாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு," என்றாள். "மட்டக்களப்புப் பெடியன். அவளுக்கும் நல்ல விருப்பம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா மூத்தவள் நான் இருக்கிறன். அப்பா நேற்றுக் கேட்டவர். 'மகள், உன்ர பாடு என்ன? வாற ஞாயிற்றுக்குள்ள ஓமோ இல்லையோ எண்டு ஒரு வார்த்தை சொல்லு. இல்லையெண்டா வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிப்போட்டு அவளின்ர அலுவலைப் பாக்கிறன்' எண்டு சொல்லிப்போட்டார்."

பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வதுதான் இந்தப் பக்கத்து வழமை. பாலையூற்றில் அவள் அப்பா ஹெக்டர் கட்டிய வீடு மூத்தவளுக்கு என்று அத்திவாரம் போட்ட அன்றைக்கே முடிவாகியிருந்தது. வீடு தங்கைக்குப் போவது தர்ஷனாவுக்குப் பெரிய விஷயமில்லை. 'இல்லை' என்று தன் வாயால் சொல்வதுதான் பெரிது. சொல்லிவிட்டால் இருபத்துமூன்று வயதிலிருந்து இவனுக்காகக் காத்திருந்ததற்கெல்லாம் என்ன பெயர் வைப்பது?

இராகுலன் கடலைப் பார்த்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"தர்ஷி, இது கோர்டியன் முடிச்சு."

வந்துவிட்டது. முன்னொரு காலத்தில் எங்கோ ஒரு தேசத்தில் மாட்டு வண்டியில் வந்த ஒரு குடியானவன் அரசனானான். வண்டியின் நுகத்தை ஒரு தூணோடு சேர்த்துக் கட்டினான். கட்டிய முடிச்சுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அதை அவிழ்ப்பவன் ஆசியா முழுவதையும் ஆள்வான் என்று தெய்வ வாக்கு. ராசாக்கள் வந்தார்கள், அறிவாளிகள் வந்தார்கள், குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு நொந்து திரும்பிப் போனார்கள். இராகுலன் இதை நன்றாகச் சொல்வான். கயிற்றின் சுற்றுகளைக் கையாலேயே காற்றில் போட்டுக் காட்டுவான். முதல் வருடத்தில் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவள் மயங்கியிருந்தாள்.

"ஒருத்தராலும் ஏலாமப் போச்சு," என்று முடித்தான்.

"அலெக்சாந்தர் வந்து வாளை எடுத்து ஒரே வெட்டா வெட்டினவர். கொன்வென்டில சரித்திரப் பாடத்தில படிச்சனான்."

"அது அழாப்பி வேலை, கள்ள ஆட்டம். அவிழ்க்கிறதெண்டா முறையா அவிழ்க்க வேணும்."

"எப்ப?"

"நீர் என்ன, என்னைக் குற்றம் சொல்லுறீரோ? மாதா கோயிலில கலியாணம் எண்டா அம்மா மருந்து குடிச்சிடுவன் எண்டு நிக்கிறா. சைவக் கோயிலில எண்டா உம்மட அப்பா செத்த வீட்டுக்கும் வரமாட்டன் எண்டுறார். நான் நடுவில நிண்டு ரெண்டு பக்கமும் கதைச்சுக் கதைச்சுத் தேய்ஞ்சு போனன். உமக்கு அந்தக் கஸ்டம் தெரியுதே?"

தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். 'மருந்து குடிச்சிடுவா' என்பதை முதல் தடவை கேட்ட நாளில் அவளுக்குக் காய்ச்சலே வந்தது. ஒரு மனுசியின் உயிரை எடுத்துக்கொண்டு தனக்கு ஒரு கலியாணமா என்று மாதாவின் காலடியில் அழுதிருக்கிறாள். தன் அப்பாவிடம் நேரே கேட்கப் போனபோதும் இராகுலன்தான் தடுத்தான். "நான் கதைச்சுப் பாத்தனான், கல்லு மாதிரி இருக்கிறார். நீரும் போய்க் கேட்டு அவரின்ர பிரஷரை ஏத்தாதையும்." அப்பாவின் பிரஷரை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

வீதியைத் தாண்டி ஒரு மான் வந்தது. இந்த ஊரில் மாடும் நாயும் திரிகிற மாதிரி மானும் திரியும். யாரோ எறிந்த சாப்பாட்டுப் பார்சலின் லன்ச் சீட்டை அது மென்றுகொண்டிருந்தது. பாதி வாய்க்குள், பாதி வெளியே. குழம்பு ஒட்டிய பொலித்தீன் நாடியிலிருந்து தொங்கியது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அப்பாவுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறுப்பம் எண்டு சொல்லும்," என்றவன் வடைப் பையின் அடியில் கிடந்த மிளகாயை விரலால் துழாவினான்.

அவள் லேஞ்சியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

தர்ஷனாவின் வேலை துறைமுகப் பக்கத்தில், மீன் வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற ஒரு தனியார் கம்பனியில். பட்டம் முடித்த கையோடு சேர்ந்தவள். தரம் பார்ப்பதுதான் அவள் பொறுப்பு. செவுளைத் தூக்கி மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு ஓம் அல்லது ஏலாது என்பாள். கெட்ட மீனின் நாற்றத்துக்கு அவள் என்றைக்கும் முகம் சுளித்ததில்லை. கெட்டதைக் கெட்டது என்று மீன் ஒளிக்காமல் சொல்லிவிடும்.

புதன்கிழமை அவளைச் சல்லி என்ற மீனவக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். வான்காரன் கொண்டுபோய் இறக்கிவிட்ட பிறகுதான் நினைவு வந்தது, அன்றைக்கு முத்துமாரியம்மன் பொங்கல். ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. கரை முழுக்க வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. கருவாட்டுப் பந்தல்கள் வெறுமையாக இருந்தன. சனமெல்லாம் கோயிலடியில். மணலில் வரிசை வரிசையாக அடுப்புகள், புகை, பறை, ஒலிபெருக்கியில் யாரோ பிள்ளையைத் தொலைத்த அறிவிப்பு. வான் திரும்பி வரும்வரைக்கும் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு வேம்பின் கீழ் ஒதுங்கினாள்.

"பிள்ளை, ஒரு கை பிடிக்கிறீங்களே? பானை சரியப் போகுது."

குனிந்து பிடித்த பிறகுதான் புகைக்குள் முகம் தெரிந்தது. இராகுலனின் அம்மா கமலேஸ்வரி. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் சிரித்துக்கொள்வார்கள். "சுகமோ?" "ஓம் அன்ரி, சுகம்." அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. பெண் வீட்டார் முறையாக வந்து கேட்காமல் மாப்பிள்ளையின் தாய் வாயைத் திறக்கக்கூடாது. மாப்பிள்ளை வீட்டுச் சம்மதம் தெரியாமல் பெண் போய்க் கதை கொடுக்கக்கூடாது. மரியாதையான குடும்பங்கள் இரண்டும் அந்த முறையை ஒரு இழை பிசகாமல் காத்துவந்தன.

பானையை நிமிர்த்தி விறகைத் தள்ளி வைத்தார்கள். கமலேஸ்வரி கண்ணைக் கசக்கினார். புகையா வேறா என்று சொல்ல முடியவில்லை.

"அப்பாவுக்கு எப்பிடி? என்னில இன்னும் கோவம்தானோ?"

"உங்களிலயோ? ஏன் அன்ரி?"

"ஏனோ? நான் ஓம் எண்டு சொல்லியனுப்பி எவ்வளவு காலம். ஒருக்கா வந்து கேட்டால் என்ன? நான் பெடியன்ர தாய், நானா முதல்ல படியேறுறது?" இவ்வளவு காலமும் அடக்கிய பேச்சு, தண்ணீர்க் குழாய் உடைந்த மாதிரி வந்தது. "காலமை மாதா கோயில், பின்னேரம் எங்கட கோயில் எண்டு சொல்லிவிட்டனான். எனக்கு ஒரு நாளில ரெண்டு கூறைச் சாறி பாக்கலாம், கசக்குமே? அதுக்கு உங்கட அப்பா, பெடியன் பேரை மாத்த வேணும், நான் கோயில் வாசலுக்கு உள்ள வரக்கூடாது எண்டவராம். சரி, நான் வெளிய நிக்கிறன் எண்டனான். மதிலுக்கு வெளிய எண்டாலும் நிக்கிறன், பாட்டுச் சத்தம் கேக்கும்தானே எண்டு சொல்லிவிட்டனான். அதுக்கும் பதில் இல்லை."

"யாரிட்டச் சொல்லிவிட்டனீங்கள்?"

"வேற யாரிட்ட? இராகுலனிட்டத்தான்."

பால் பொங்கி வழிந்து நெருப்பில் விழுந்தது. சுற்றி நின்ற பெண்கள் குரவையிட்டார்கள். கருகிய பாலின் வாடை நேரே தர்ஷனாவின் வயிற்றுக்குள் இறங்கியது. மதிலுக்கு வெளியே நிற்கச் சம்மதித்த இந்த மனுசிதான் மருந்து குடிப்பேன் என்று மிரட்டியவளா? கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கமலேஸ்வரி பொங்கல் பானையைக் கும்பிட்டுக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் அந்தச் சொல்லை அங்கே எடுக்க அவளுக்கு நா எழவில்லை.

"அன்ரி," என்றாள், "உங்கட போன் நம்பரைத் தாங்கோ. அப்பா உங்களோட கதைப்பார்."

வீட்டுக்குப் போனபோது ஹெக்டர் முன் விறாந்தையில் கதிரை போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். துறைமுக இழுவைப் படகில் வேலை செய்து இளைப்பாறியவர். பெரிய கப்பலையெல்லாம் கயிறு போட்டு இழுத்து வந்தவருக்குச் சொந்த மகளிடம் ஒரு கேள்வி கேட்க நாலைந்து நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருக்கும். தர்ஷனா சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

"அப்பா, இராகுலன்ர அம்மாவைப் பற்றி நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

பத்திரிகை மெதுவாகக் கீழே இறங்கியது.

"நான் ஒண்டும் சொல்லேல்ல மகள். அவதான் சொன்னவ. அதை விடு."

"என்ன சொன்னவ?"

"விடு எண்டுறன்."

"அப்பா!"

குசினியிலிருந்து அம்மா இன்பமலர் அகப்பையோடு வந்து நின்றாள். ஹெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"போன வருசத்துக்கு முதல் வருசம், நத்தாருக்கு முன்னம், கோயில் வாசலில வச்சு அந்தப் பெடியனைக் கூப்பிட்டனான். பங்குச் சுவாமியிட்ட நான் கேட்டுப்போட்டன், ஆயரிட்ட அனுமதி எடுத்தா மதம் மாறாமலே இங்க கட்டி வைக்கலாமாம், நீங்கள் உங்கட முறைக்கும் செய்யுங்கோ எண்டனான். அம்மாவிட்டக் கேட்டு ஒரு நல்ல நாள் சொல்லும், நானும் மனிசியும் வாறம் எண்டனான். அடுத்த கிழமை வந்து தலையைக் குனிஞ்சுகொண்டு சொல்லுறான், வேதக்காரர் படியேறினா வீடு கழுவ வேணும் எண்டு அம்மா சொல்லிப்போட்டாவாம்."

"ஐயோ, என்ர சேசுவே," என்றாள் இன்பமலர். "இவ்வளவு காலமும் இதை ஏனப்பா வயித்துக்குள்ள வச்சிருந்தனீங்கள்?"

"சொன்னா இவள் அந்த மனிசியை வெறுப்பாள். நாளைக்கு மாமியாரா வரப்போறவ எல்லோ."

சல்லியில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொல்லி, கமலேஸ்வரியின் நம்பரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு தர்ஷனா சிரித்தாள். சிரிப்பு என்று தொடங்கியது இடையில் ஓங்காளமாக மாறியது. கிணற்றடிக்கு ஓடிப்போய் வாயைக் கழுவினாள். எல்லோரும் எல்லோருடைய மனமும் நோகக்கூடாது என்று வாயை மூடியிருக்கிறார்கள். மூடிய வாய்களுக்கு நடுவில் ஒருவன் சாவகாசமாக வடை தின்றிருக்கிறான்.

உள்ளே ஹெக்டர் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு உரத்து, பிறகு சிரித்து. "ஐயோ இல்லை அக்கா, நான் அப்பிடிச் சொல்லுவனே!" இன்பமலர் போனைப் பறித்துத் தானும் பேசினாள். தேநீர் ஆறுவதற்குள் கோயில், நேரம், எந்த மண்டபம், யார் யாருக்கு மீனும் இறைச்சியும் ஆகாது என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள்.

நதீஷா மட்டும் கிணற்றடிக்கு வந்து அக்காவின் முதுகைத் தடவினாள். "அக்கா, சந்தோஷத்தில சத்தி எடுக்கிறியோ?"

"தெரியாதடி."

பின்னேரம் இராகுலனே போன் எடுத்தான். குரலில் ஒரு துள்ளல்.

"தர்ஷி, கேள்விப்பட்டீரே? முடிச்சு அவிழ்ந்திட்டுது! பொறுமையா இருந்தா எல்லாம் சரிவரும் எண்டு நான் சொன்னனான்தானே?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். திரையில் அவன் படம், வாயெல்லாம் பல். "சனிக்கிழமை அம்மாவோட வாங்கோ," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சனிக்கிழமை கமலேஸ்வரி வந்தார். முறைப்படி பெண் வீட்டார்தான் முதலில் போக வேண்டும். "அந்த முறையால பட்டது காணும்," என்று சொல்லிக்கொண்டே வாசல்படி ஏறினார். இன்பமலர் ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இராகுலன் பின்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, புதுச் சேர்ட்டோடு, கேக் பெட்டியோடு, குறும்பு செய்து பிடிபட்ட பிள்ளையின் முகத்தோடு வந்தான்.

தர்ஷனா எதிர்பார்த்தது வேறு. ஹெக்டர் அவன் சட்டையைப் பிடிப்பார், அம்மா நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்திருந்தாள். நடந்தது என்னவென்றால் எல்லோரும் சிரித்தார்கள். 

"கள்ளன்," என்றார் ஹெக்டர், அவன் தோளில் தட்டி. "என்னைப் பற்றி என்னெல்லாம் சொல்லியிருக்கிறாய் நீ!"

"பயந்திட்டன் அங்கிள்."

"ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான்," என்றாள் இன்பமலர். "கலியாணம் எண்டா நடுங்குவாங்கள். இவரும் என்னைப் பாக்க வந்த நேரம் வேலியால பாஞ்சு ஓடப் பாத்தவர்."

இன்னும் சிரிப்பு. ஆறு வருடமாக ஒரு சொல்லிலும் ஒத்துப்போகாதவர்கள் என்று நம்பப்பட்டவர்கள், இவனை மன்னிக்கிற விஷயத்தில் ஒரு நொடியில் ஒத்துப்போனார்கள். இன்பமலர் பொரித்து வைத்திருந்த மீன் பற்றிஸ் ஒன்றை இராகுலன் எடுத்துக் கடித்தான். உதட்டோரத்தில் மீன் தூள் ஒட்டியிருந்தது. நாக்கை நீட்டி அதை உள்ளே எடுத்தான். தர்ஷனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த நாக்கோடுதான் இனிக் காலம் முழுக்க ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

"ஏன் செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"அதுதான் சொன்னனே, பயம்."

"பயம் எண்டா ஒரு கிழமை, ஒரு மாசம். இது என்ன?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். இன்றைக்கு எல்லோரும் தன் பக்கம் என்ற தைரியம் வந்திருக்க வேண்டும். மனம் விட்டே பேசினான்.

"உண்மையைச் சொல்லுறன். கலியாணம் எண்டா இங்க வந்து இருக்க வேணும்தானே. அங்க என்ர அறை, அம்மாவின்ர சமையல், பின்னேரம் கூட்டாளிமார். அதையெல்லாம் உடன விட ஏலாமல் இருந்தது. உம்மை விடவும் மனமில்லை. அப்ப, அது அப்பிடியே இருந்தா ஒருத்தருக்கும் நட்டம் இல்லைத்தானே எண்டு நினைச்சன். சின்னச் சின்னப் பொய்தான் சொன்னனான்."

"பாத்தீங்களே, பச்சைப் பிள்ளை மாதிரிச் சொல்லுது," என்றார் ஹெக்டர்.

"மற்றப் பொய்யையும் சொல்லுங்கோ," என்றாள் தர்ஷனா.

இராகுலனின் வாய் மெல்வதை நிறுத்தியது. அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. கண்ணால் கெஞ்சினான். அந்தக் கெஞ்சலில் வெட்கம் இருந்திருந்தால் அவள் விட்டிருப்பாள். இருந்தது கணக்கு மட்டும்தான்: நீ சொல்லாவிட்டால் நான் தப்பிவிடுவேன்.

"என்ன மற்றப் பொய்?" என்றார் கமலேஸ்வரி, இன்னும் சிரித்த முகத்தோடு. "வேற என்ன புளுகினவன்? சொல்லுங்கோ பிள்ளை, இண்டைக்கு எல்லாத்தையும் கேட்டுச் சிரிச்சு முடிப்பம்."

"விடுங்கோ அன்ரி."

"இல்லை, சொல்லுங்கோ. இனி ஒண்டையும் ஒருத்தரும் ஒளிக்கிறேல்ல."

"நீங்கள் மருந்து குடிச்சிடுவன் எண்டு நிக்கிறீங்களாம். என்னைக் கட்டினா."

கமலேஸ்வரியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அது இருந்த இடத்திலேயே நின்று, மெல்ல மெல்ல வேறு ஒன்றாக மாறியது. கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கப் போனவர் மேசை எங்கே என்று தெரியாத மாதிரித் தடவினார். நதீஷா வாங்கி வைத்தாள்.

"நானோ?" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "என்ர தங்கச்சி அப்பிடித்தான் போனவள். இவனுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. நான் தலையில அடிச்சு அழுததை இவன் கண்டவன். அதுக்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கட வீட்டில ஒருத்தரும் எடுக்கிறேல்ல," என்றார்.



"அம்மா, அது ஒரு கதைக்குச் சொன்னதுதானே," என்றான் இராகுலன். "சும்மா. இவள் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தவள், வேற என்ன சொல்லுறது? அதுதான் வாயில வந்தது." சொல்லிவிட்டு, கையில் மிச்சமிருந்த பற்றிஸை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டான்.

அவன் அதை மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. தர்ஷனா எழும்பினாள்.

"அப்பா, நீங்கள் ஓமோ இல்லையோ எண்டு கேட்டனீங்கள். இல்லை."

"மகள்," ஹெக்டர் தடுமாறினார். "அவசரப்படாதை. அவன் பிழைதான், நான் இல்லையெண்டேல்ல. ஆனா இப்ப எல்லாம் சரிவந்திட்டுதே. கோயில் சரி, ஆயர் சரி, அக்காவும் ஓமெண்டிட்டா. ஒரு தடையும் இல்லையே."

"ஒரு தடையும் இல்லை அப்பா. எனக்கு ஆளைத்தான் பிடிக்கேல்ல."

"இது என்ன விசர்க் கதை?" என்று இராகுலன் எழும்பினான். "இவ்வளவு காலமும் கலியாணம், கலியாணம் எண்டு என்ர உயிரை எடுத்தவள் நீர்தானே? நான் ஓம் எண்டு வந்து நிக்கிற நேரம் வேண்டாம் எண்டா என்ன அர்த்தம்?"

"நீங்கள் பக்கத்தில இருந்தா எனக்கு அருவருக்குது," என்றாள். கத்தவில்லை. பழுதான மீனைத் தட்டில் தள்ளி வைக்கிற அதே குரலில்தான் சொன்னாள். "இண்டைக்கு மட்டுமில்லை. கொஞ்ச நாளா. ஏனெண்டு இப்பத்தான் தெரியுது."

இன்பமலர் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, இராகுலனுக்கு முன்னால் இருந்த பற்றிஸ் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

கமலேஸ்வரி எழும்பிச் சாறியைச் சரிசெய்தார். "நீ போ," என்றார் மகனிடம். "நான் ஓட்டோவில வாறன். உன்ர பின்னால ஏறி இருக்க எனக்கு ஏலாது." சொல்லிவிட்டு அவனுக்கு முன்னாலேயே படலையைத் திறந்து வீதிக்கு இறங்கினார். அவன் ஒரு நிமிடம் நின்று பார்த்தான். யாரும் இரு என்று சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு கண்டி வீதிப் பக்கம் போனது.

கமலேஸ்வரி அதிக தூரம் போகவில்லை. முன்வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். இன்பமலர் ஓடிப்போய்த் தோளில் கையைப் போட்டு, "வாங்கோ அக்கா, தேத்தண்ணியும் குடிக்கேல்ல நீங்கள்," என்று சிறுபிள்ளையை அழைத்து வருகிற மாதிரி உள்ளே கூட்டிவந்தாள். ஹெக்டர் தன் கதிரையை அவருக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றார். பிறகு மகளிடம் வந்தார். அவள் தலையில் கையை வைத்து எடுத்தார்.

"நான் உங்களுக்கு என்ன சொல்லுறது பிள்ளை," என்றார் கமலேஸ்வரி. "பெத்தவள் நான்."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் அன்ரி. குடியுங்கோ."

புதுத் தேநீர் பாதி குடித்திருப்பார்கள். தர்ஷனாவின் போன் மேசையில் அதிர்ந்தது. இராகுலன் அனுப்பியிருந்தான். எங்கோ வழியில் நிறுத்தி எழுதியிருக்க வேண்டும்.

'தர்ஷி, பெரிய சிக்கலாப் போச்சு. அம்மா இப்பதான் வீட்டுக்கு வந்தவ. உம்மில சரியான கோவம். இனி உம்மட முகத்திலயே முழிக்கமாட்டன் எண்டு அழுகிறா. நீர் அவவோட ஒண்டும் கதைக்க வேண்டாம். கொஞ்ச நாள் பொறுப்பம். நான் மெல்ல மெல்லச் சமாளிக்கிறன்.'

இரண்டு தரம் வாசித்தாள். சோற்றில் மயிர் அகப்பட்ட மாதிரி நாக்கின் அடியில் ஒரு கூச்சம் எழுந்தது. கோபம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. போனை மேசைக்கு மேலால் கமலேஸ்வரியிடம் நீட்டினாள்.

கமலேஸ்வரி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, உதடு அசைய அசைய ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். முடித்ததும் தன்னைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார், தான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று உறுதி செய்துகொள்கிறவர் மாதிரி.

"இதில ஆள் திரும்ப வராமப் பண்ணலாமாம் எல்லோ," என்றார். "உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் அன்ரி."

"பண்ணுங்கோ."

தர்ஷனா அவன் எண்ணை 'ப்ளொக்' பண்ணினாள். கமலேஸ்வரி அது சரியாக நடந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தன் போனையும் எடுத்து, இரவுச் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்படி மகனுக்குச் சொல்ல எண்களை அழுத்தத் தொடங்கினார்.